பள்ளியின் பழைய ஆவணங்களை இணையத்தில் ஏற்றுவது: மாணவர்களுக்கு எந்தச் செயல்திட்டத்தைக் கொடுப்பது?

கேள்வி, ஜூன் 9

புதுச்சேரியில் நூறாண்டைக் கடந்த ஒரு பள்ளியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். பள்ளியின் பழைய ஆவணங்களை இணையத்தில் ஏற்றுவதையே இவ்வாண்டுச் செயல்திட்டமாகக் கொள்ள வேண்டும் என்று பதினோராம் வகுப்பு மாணவர்கள் விரும்பி, நான்கு யோசனைகளை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முன்னாள் மாணவர் தம் பெயரைத் தேடிப் பார்க்கும் கைப்பேசிச் செயலி ஒன்று; சேர்க்கைப் பதிவேடுகள் அனைத்தையும் ஸ்கேன் செய்து காட்டும் இணையத்தளம் மற்றொன்று; பள்ளி வரலாற்றைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு உரையாடி மூன்றாவது; பழைய ஆண்டு மலர்களின் மின்தொகுப்பு நான்காவது. கடைசி யோசனைக்கு வகுப்பில் இருவர் மட்டுமே கை தூக்கினார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

ஜூன் 10

அந்த இருவரின் பக்கம் நிற்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: யோசனை எழுதிய மாணவர்களில் யாராவது பதிவறைக்குள் போய்ப் பார்த்தார்களா? நான் கடலூரில் ஓர் உதவிபெறும் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். கணினி மன்றப் பிள்ளைகளோடு இதே வேலையில் இறங்கியபோது, எங்களிடம் இருப்பதாக எல்லோரும் நம்பிய பொருள்களுக்கும் பீரோவைத் திறந்தபோது கிடைத்த பொருள்களுக்கும் தொடர்பே இல்லை. பொன்விழா மலர் ஒரு படிகூட இல்லை. யாரும் நினைத்தே பார்த்திராத கல்வி ஆய்வாளர் குறிப்பேடு மட்டும் அட்டை முதல் அட்டை வரை முழுதாக இருந்தது. அதில் ஓர் ஆய்வாளர், குடிநீர்ப் பானைக்கு மூடி இல்லை என்பதை அடுத்தடுத்த இரண்டு வருகைகளிலும் எழுதி, இரண்டாம் முறை அடிக்கோடும் இட்டிருந்தார்.

ஆகவே முதல் வேலை பட்டியல். எந்த அலமாரியில், எந்தத் தட்டில், எந்த ஆண்டுக்குரிய எது, என்ன நிலையில் இருக்கிறது என்பதை ஒரு விரிதாளில் எழுத வேண்டும். முதலில் ஸ்கேன் செய்துவிட்டுப் பிறகு பட்டியல் போடலாம் என்பது தாலி கட்டிய பிறகு பெண் பார்க்கப் போவதைப் போன்றது. இந்தப் பட்டியலுக்குக் கணினி அறிவு தேவையில்லை என்று மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். எந்தத் தலைப்புகளின்கீழ் எழுதுவது, தேதி தெரியாத பொருளுக்கு என்ன எழுதுவது, ஒரே பொருளை இருவர் இரு விதமாக எழுதாமல் எப்படித் தடுப்பது என்று முடிவு செய்யத் தொடங்கும்போது, தரவுத்தளப் பாடத்தில் படித்தது எதற்காக என்பது அவர்களுக்கே விளங்கும்.

ஜூன் 10, இரவு

விடுபட்டது ஒன்று. ஆண்டு என்ற தலைப்பின்கீழ் கல்வியாண்டை எழுதுவதா, நாட்காட்டி ஆண்டை எழுதுவதா என்பதை முதல் நாளே தீர்மானித்து விடுங்கள். ஜூனில் தொடங்கி அடுத்த ஆண்டில் முடியும் 1967-68-ஐ ஒருவர் 1967 என்றும் இன்னொருவர் 1968 என்றும் எழுதினால், ஒரே மலர் இரண்டாகப் பெருகிவிடும்.

ஜூன் 14

சேர்க்கைப் பதிவேட்டை ஏன் இணையத்தில் ஏற்றக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். மாணவர்களில் பெரும்பாலோர் விரும்புவதும் அதைத்தான் என்கிறீர்கள். அந்தப் பேரேட்டின் ஒரு பக்கத்தைத் திறந்து, தலைப்புகளை மட்டும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மாணவர் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, சாதி, தந்தையின் தொழில், முகவரி, விலகிய காரணம். ஒருவருடைய சாதியும், அவருடைய தந்தை செய்த வேலையும், கட்டணம் கட்ட இயலாமல் எட்டாம் வகுப்பில் நின்றுவிட்டார் என்ற குறிப்பும் ஒரே வரியில் இருக்கின்றன. அவர் இன்று எண்பது வயதில் முத்தியால்பேட்டையிலோ திருப்பாதிரிப்புலியூரிலோ பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம். அந்த வரியைத் தேடுபொறியில் வைக்க நமக்கு யார் அனுமதி தந்தது? பள்ளி அந்தத் தகவலை வாங்கியது, பிள்ளையைச் சேர்ப்பதற்காக மட்டுமே.

பிறந்த தேதி இன்னொரு சிக்கல். தலைக்கு மேல் கையை வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது நிறைந்துவிட்டது என்று முடிவு கட்டி, பள்ளித் திறப்புக்கு வசதியான ஒரு தேதியைத் தலைமையாசிரியரே எழுதிக்கொண்ட காலம் அது. எங்கள் பேரேட்டில் ஒரு வகுப்பில் பாதிப் பேர் ஜூன் மாதத்திலேயே பிறந்திருந்தார்கள். அந்தத் தேதியை வைத்துத்தான் அவர்கள் வேலையில் சேர்ந்து ஓய்வும் பெற்றார்கள் என்பதால், அதைப் பொய் என்றும் சொல்ல இயலாது. ஆனால் வேறு சான்றில் வேறு தேதி வைத்திருக்கும் ஒருவருக்கு, நாம் இணையத்தில் காட்டும் பக்கம் தேவையற்ற வழக்கை வாங்கித் தரலாம்.

2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாதவர் அனைவரையும் குழந்தை என்று வகுத்து, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. இப்போது படிக்கும் பிள்ளைகளின் படங்களையும் மதிப்பெண்களையும் தளத்தில் சேர்க்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், அதை இப்போதே விட்டுவிடச் சொல்லுங்கள்.

ஆண்டு மலர் அப்படிப்பட்டது அன்று. பலர் படிக்க வேண்டும் என்பதற்காகவே எழுதி, அச்சிட்டு, வீட்டுக்கு வீடு கொடுத்தது. அதில் தம் கட்டுரை வந்ததை மறைக்க விரும்பும் முன்னாள் மாணவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. கவிதை எழுதியவர்களில் சிலர் மறைக்க விரும்பக்கூடும்.

ஜூன் 17

மேலே எழுதியதைப் படித்த ஒருவர், தம் தாத்தா 1910-களில் அப்பள்ளியில் படித்தாரா என்பதை அறியப் பதிவேட்டைத் தவிர வேறு வழி இல்லை என்று எழுதியிருக்கிறார். நியாயமான மறுப்பு. நான் பதிவேட்டை முழுவதுமாகப் பூட்டிவிடச் சொன்னது கொஞ்சம் கடுமையாகவே இருக்கிறது. பதிவேட்டை ஸ்கேன் செய்வதும் இணையத்தில் வைப்பதும் வெவ்வேறு முடிவுகள். கரையானும் இராமபாணப் பூச்சியும் தின்பதற்கு முன் ஸ்கேன் செய்து பள்ளிக்குள்ளேயே பாதுகாப்பாக வைத்துவிடலாம். சேர்ந்து நூறாண்டு கடந்தவர்களின் பெயர், சேர்ந்த ஆண்டு, வகுப்பு ஆகிய மூன்றை மட்டும் எடுத்து ஒரு பெயர்ப் பட்டியலாகத் தளத்தில் தரலாம். மற்றவற்றை அறிய விரும்புவோர் உறவைக் காட்டும் சான்றோடு பள்ளிக்கு எழுதட்டும். சாதி என்ற தலைப்பின்கீழ் இருப்பதை நூறாண்டுக்கு முந்தையதானாலும் ஏற்ற வேண்டாம் என்பதே என் எண்ணம். கொள்ளுப்பேரனின் வகுப்புத் தோழர்களும் அதே தளத்தைத்தான் பார்ப்பார்கள்.

இதை மாணவர்களிடமே விவாதத்துக்கு விடுங்கள். செயலி எழுதுவதைவிட இது கடினமான வடிவமைப்புச் சிக்கல்.

ஜூன் 29

பட்டியல் முடிந்து, மலர்கள் முப்பதுக்கும் மேல் தேறியிருக்கின்றன என்ற செய்திக்கு மகிழ்ச்சி. ஸ்கேன் பற்றி இனி எழுதலாம்.

மாணவர்கள் கைப்பேசியிலேயே எடுத்துவிடலாம் என்பார்கள். எடுக்கலாம்; ஆனால் ஆவணம் எடுப்பதற்கென்று வரும் செயலிகளின் இயல்பான அமைப்பில் எடுக்கக் கூடாது. அவை தாளின் பழுப்பை வெளுத்து எழுத்தைக் கறுப்பாக்கிக் காட்டும். பார்வைக்குத் துப்புரவாக இருக்கும், ஆனால் ஓரத்தில் பென்சிலால் எழுதிய திருத்தமும், மங்கிய முத்திரையும், சிவப்பு மைக் குறிப்பும் அந்த வெளுப்போடு போய்விடும். நிறத்தோடு, எந்த வடிகட்டியும் இல்லாமல், பக்கத்தின் நான்கு ஓரங்களும் தெரியும்படி எடுக்க வேண்டும்.

தட்டை ஸ்கேனர் இருந்தால் அச்சுப் பக்கத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். சிறிய புகைப்படத்துக்கு 600 நல்லது. 300 புள்ளியில் ஓர் ஏ4 பக்கம் 2480-க்கு 3508 படப்புள்ளி ஆகும். நிறத்தோடு, சுருக்காமல் சேமித்தால் ஏறத்தாழ 26 மெகாபைட். ஒரு டெராபைட் வன்தட்டில் அப்படிப்பட்ட 38,000 பக்கங்கள் கொள்ளும் என்பதால் இடத்துக்காக யாரும் கஞ்சத்தனம் செய்ய வேண்டியதில்லை. 600 புள்ளிக்குப் போனால் அளவு நான்கு மடங்காகும், இரண்டு மடங்காக அன்று. இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். மூலப்படியைத் தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பு வடிவில் வைத்து, அதைத் தொடாமல், இணையத்துக்கு வேறு சிறிய படி எடுத்துக்கொள்ள வேண்டும்.

தைத்த பேரேட்டைத் தட்டை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடைந்துவிடும். அதற்கு மேலிருந்து படம் எடுக்கும் முறையே சரி. நாங்கள் ஒரு தச்சரிடம் சொல்லிப் புத்தகம் பாதி மட்டும் திறந்து சாய்ந்திருக்கும்படி இரண்டு பலகைகளை இணைத்து வாங்கினோம். விளக்கை நேர் மேலே வைக்காமல் இரு பக்கமும் சரிவாக வைத்தால் பளபளப்புத் தாளில் வெள்ளைத் திட்டு விழாது. கிழிந்த பக்கத்தை ஒளிபுகும் பசைப்பட்டை போட்டு ஒட்டியே தீருவேன் என்று ஒரு மாணவர் நிற்பார்; எல்லா ஆண்டும் ஒருவர் இருப்பார். அந்தப் பட்டையின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்தையும் கூட்டிக்கொண்டு உரிந்து வரும். பட்டைச் சுருளை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கோப்புப் பெயரில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டும் இருக்கட்டும், இடைவெளி வேண்டாம். பக்க எண்ணை 1, 2 என்று எழுதாமல் 001, 002 என்று எழுதினால்தான் கணினி வரிசை குலைக்காது; இல்லையென்றால் 1-க்கு அடுத்து 10 வந்து, பிறகு 100 வந்து, 2 எங்கோ போய் நிற்கும்.

ஜூன் 30

அட்டைகளையும் விளம்பரப் பக்கங்களையும் விட்டுவிடலாமா என்று கேட்டவருக்கு: விடக் கூடாது. ஊரில் அப்போது எந்தக் கடை இருந்தது, எந்த மிதிவண்டி விற்றது, தொலைபேசி எண் எத்தனை இலக்கம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. எங்கள் மலர்களைப் பார்க்க வந்தவர்கள் தலைமையாசிரியரின் முன்னுரையைத் தாண்டிவிட்டு விளம்பரத்தில் நின்றார்கள்.

ஜூலை 8

எழுத்துணரியைப் பற்றி. ஸ்கேன் செய்த படத்தில் சொல் தேட இயலாது. படத்தை எழுத்தாக மாற்ற வேண்டும். டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருள் தமிழை அறியும். கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி ஆவணமாகத் திறந்தாலும் தமிழ் எழுத்து கிடைக்கும். 1980-களுக்குப் பிந்தைய நல்ல அச்சில் இரண்டுமே உதவுகின்றன. அதற்கு முந்தைய மலர்களில் தடுமாற்றம் இருக்கும். ஈயம் தேய்ந்த அச்சு அதற்கு ஒரு காரணம்; மற்றொன்று 1978-இன் எழுத்துச் சீர்திருத்தம். அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகியவற்றில் எழுத்தின் தலைமேல் துதிக்கை போல வளைந்த குறி இருக்கும். ணா, றா, னா ஆகியவை தனிக் கால் இல்லாமல் ஒட்டிச் சுழித்து நிற்கும். இன்றைய வடிவங்களைப் பார்த்தே பழகிய எழுத்துணரி இவற்றை வேறு எழுத்தாகப் படித்துவிடும். பதினாறு வயது மாணவரும் அப்படித்தான் படிப்பார் என்பதை நான் கண்டிருக்கிறேன். பாட்டி இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் தப்பித்தார்கள்.

இங்கே ஒரு நல்ல மாணவர் செயல்திட்டம் ஒளிந்திருக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுக் குறியீடான ஒருங்குறியில் (யூனிகோடு) பழைய லைக்கும் புதிய லைக்கும் குறியீடு ஒன்றுதான், எழுத்துரு மட்டுமே வேறு. ஆகவே ஒரு மலரைக் கையால் சரியாகத் தட்டச்சு செய்து, எழுத்துணரி தந்ததோடு ஒப்பிட்டு, எந்த எழுத்து எதுவாக மாறுகிறது என்று எண்ணிக்கை எடுத்து, அதற்கு ஒரு சிறு திருத்தும் நிரல் எழுதலாம். பைத்தான் படிக்கும் மாணவருக்கு அளவான வேலை. நிரல் எழுதியே தீர வேண்டும் என்று துடிப்பவர்களுக்கு இதைக் கொடுத்துவிடுங்கள்.

1990-களின் மலர்கள் கணினியில் அச்சுக்கோத்தவை என்றால், அச்சகத்தில் மூலக் கோப்புகூடக் கிடைக்கலாம். கிடைத்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள். அவை அந்தந்த எழுத்துருவுக்கென்று தனிக் குறியீட்டில் இருக்கும். திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் குவியலாக வரும். தாம் (TAM), தாப் (TAB) என்று தமிழ்நாட்டு அரசே 1999-இல் இரண்டு குறியீடுகளை வகுத்தது. ஒருங்குறியை அரசு ஏற்றது 2010-இல். இடைப்பட்ட காலத்துக் கோப்பைத் திறக்க முதலில் எழுத்துருவின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு அதற்குரிய மாற்றியைத் தேட வேண்டும்.

ஜூலை 21

உங்கள் பள்ளிக்கு உள்ள ஒரு சிக்கல் எங்கள் கடலூருக்குக் கிடையாது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறும் வரையிலான உங்கள் பதிவேடுகள் பிரெஞ்சில் இருக்கும். சட்டப்படியான மாற்றம் நிறைவேறிய 1962 ஆகஸ்ட் 16 வரையிலும்கூட இரு மொழிகளும் கலந்து கிடக்கலாம். பெண்ணையாற்றுக்குத் தெற்கே உள்ள நாங்கள் ஆங்கிலக் கையெழுத்தோடு மல்லுக்கட்டுவதோடு சரி.

பிரெஞ்சை இரண்டாம் மொழியாகப் படிக்கும் மாணவர்கள் உங்கள் ஊர்ப் பள்ளிகளில் உண்டு. அவர்களைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பாடநூல் பிரெஞ்சு வேறு, எழுத்தரின் கையெழுத்து வேறு. அங்கே 1 என்பது நீண்ட மேல்வீச்சோடு நம் 7 போலத் தோன்றும். உண்மையான 7-க்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு இருக்கும். மாதப் பெயரைச் சுருக்கும்போது 7 என்ற எண்ணோடு கடைசி எழுத்துகளைச் சேர்த்துச் செப்டம்பரைக் குறிப்பது பழைய வழக்கம்; 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். இதை அறியாத மாணவர் செப்டம்பரில் சேர்ந்தவர்களையெல்லாம் ஜூலையில் சேர்த்துவிடுவார்.

தமிழ்ப் பெயர்களைப் பிரெஞ்சு உச்சரிப்புக்கு ஏற்ப எழுதியிருப்பார்கள் என்பதால் ஒரே குடும்பப் பெயர் இரு ஆண்டில் இரு விதமாக இருக்கும். பட்டியலில் மூலத்தில் உள்ளபடி ஒரு கட்டமும், தமிழில் ஒரு கட்டமும் வையுங்கள். மூலத்தைத் திருத்தி எழுதத் தொடங்கினால், எது பள்ளி எழுதியது, எது மாணவர் எழுதியது என்று பிறகு பிரிக்க இயலாது.

ஆகஸ்ட் 3

குழுப் படங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

படத்தின் அடியில் பெயர் அச்சிட்டிருந்தால் நிற்போர், அமர்ந்திருப்போர், இடமிருந்து வலம் என்ற அதே வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். எண்ணிப் பாருங்கள், ஒரு தலை கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கும். பெயர் இல்லாத படங்களுக்குக் காலக்கெடு இருக்கிறது. 1960-இல் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தவருக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. செயல்திட்டத்தில் வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்கேனரும் மென்பொருளும் அடுத்த ஆண்டு இன்னும் மேம்பட்டிருக்கும். அந்த முகங்களை அறிந்தவர்கள் அடுத்த ஆண்டு இருப்பார்கள் என்று சொல்ல இயலாது.

படத்தைப் பெரிதாக அச்சிட்டு, மேலே ஒளிபுகும் தாளை விரித்து, முகங்களுக்கு எண் கொடுத்து, மாணவர்கள் இருவர் இருவராக முதியவர்களின் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கைப்பேசித் திரையில் காட்டினால் பெரியவர்கள் கண்ணாடியைத் தேடுவார்கள், பிறகு சோர்ந்துவிடுவார்கள். மடியில் வைத்த பெரிய படத்தோடு அரைமணி நேரம் பேசுவார்கள். இருவர் ஒரே முகத்துக்கு வெவ்வேறு பெயர் சொன்னால் இரண்டையும், யார் சொன்னது என்பதையும் எழுதி வையுங்கள். தீர்ப்புச் சொல்வது மாணவர் வேலையன்று.

எங்கள் படங்களில் ஒரு குறை கண்ணில் பட்டது. ஆசிரியர்கள், மாணவர் தலைவர், விளையாட்டுக் கோப்பை வாங்கியவர் என்று எல்லோருக்கும் பெயர் இருந்தது. ஓரத்தில் நிற்கும் அலுவலக உதவியாளருக்கும், மணியடிப்பவருக்கும், ஆயாவுக்கும் எந்த ஆண்டிலும் பெயர் அச்சிடவில்லை. கேட்டுப் பார்த்தால், முன்னாள் மாணவர்கள் தலைமையாசிரியர் பெயரில் தடுமாறினாலும் மணியடித்தவரின் பெயரைத் தயங்காமல் சொன்னார்கள். அந்தப் பெயர்களைச் சேர்ப்பதற்காகவே விரிதாளில் ஒரு கட்டத்தை அதிகமாக்கினோம்.

ஆகஸ்ட் 19

எங்கே ஏற்றுவது என்ற கேள்வியைக் கடைசியில்தான் கேட்க வேண்டும் என்பதால் இத்தனை நாள் தொடாமல் இருந்தேன்.

நானறிந்த ஒரு முன்னாள் மாணவர் சங்கம், பள்ளிக்கு அழகான தளம் ஒன்றைக் கட்டணம் கொடுத்து அமைத்தது. தளத்தின் இணைய முகவரிப் பெயரைப் பதிவு செய்தவர் ஓர் இளைஞர். தம் சொந்த வங்கி அட்டையில் பணம் கட்டினார். அவர் வெளிநாடு போனார், அட்டை காலாவதியானது, நினைவூட்டல்கள் அவர் பார்க்காத மின்னஞ்சலுக்குப் போயின. தளம் மறைந்து, அந்தப் பெயரில் இப்போது வேறு யாரோ எதையோ விற்கிறார்கள். யாரும் தீங்கு நினைக்கவில்லை, ஆனால் படங்கள் போய்விட்டன. பெரிய நிறுவனம் என்றாலும் உறுதி இல்லை: வகுப்புத் தோழர்கள் பலர் கூடியிருந்த யாகூ குழுமங்களின் பழைய மடல்கள் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டன, அடுத்த ஆண்டு அச்சேவையே மூடப்பட்டது.

உங்கள் மாணவர்கள் மறு ஆண்டு பொதுத்தேர்வுக்குப் போய்விடுவார்கள், அதற்கடுத்த ஆண்டு பள்ளியிலேயே இருக்க மாட்டார்கள். கைப்பேசிச் செயலி வேண்டாம் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். செயலிகளைப் புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று கூகுள் பிளே எதிர்பார்க்கிறது. திருத்தாத செயலி, புதிய கைப்பேசி வைத்திருப்பவர் தேடினாலும் கிடைக்காமல் போகும். யார் திருத்துவார்?

மலர்களை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் பள்ளியின் பொது மின்னஞ்சல் கணக்கில் ஏற்றலாம். அது 1996-இல் தொடங்கிய இலாபநோக்கற்ற அமைப்பு, கட்டணம் இல்லை. அதுவும் 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாட்கள் முடங்கியது என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்துக்கும் எழுதிக் கேளுங்கள். ஈழத்தமிழர்கள் 2005-இல் தொடங்கிய நூலகம் தளத்தில் பாடசாலை மலர்களைத் தனி வகையாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம் அது. அவர்கள் ஒரு மலருக்கு என்னென்ன விவரம் தருகிறார்கள் என்பதை உங்கள் மாணவர்கள் பார்த்துப் பழகலாம்.

பள்ளிக்கென்று தனித் தளம் வேண்டுமென்றால், தரவுத்தளம் எதுவும் இல்லாத சில நிலையான பக்கங்கள் போதும். ஒமேகா (Omeka) போன்ற கட்டற்ற மென்பொருள் இத்தகைய தொகுப்புகளுக்காகவே உருவானது, நன்றாகவும் இருக்கிறது; ஆனால் அதைக் காலந்தோறும் புதுப்பிக்க ஓர் ஆள் தேவை. உங்களுக்கு மாறுதல் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

ஆகஸ்ட் 20

பதிப்புரிமை பற்றிச் சுருக்கமாக. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுதியவர் வாழ்நாளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் உரிமை நீடிக்கும். 1965 மலரில் எழுதிய மாணவர் உயிரோடு இருந்தால் அக்கட்டுரை அவருடையதுதான். அனைவரையும் தேடி அனுமதி பெறுவது நடைமுறையில் இயலாது. முன்னாள் மாணவர் கூட்டத்தில் அறிவித்து, தளத்தில் தொடர்பு முகவரி தந்து, யாராவது மறுத்தால் அப்பக்கத்தை எடுத்துவிடுவது என்ற வழியையே நாங்கள் பின்பற்றினோம். மறுத்தவர் ஒருவர். காரணம், கட்டுரையில் இருந்த எழுத்துப்பிழைகள்.

செப்டம்பர் 7

உரையாடி யோசனையை நான் கண்டுகொள்ளவே இல்லை என்று அதை முன்வைத்த மாணவரே வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். தம்பி, உன் யோசனை தவறானதன்று, வரிசையில் கடைசியில் வர வேண்டியது. பள்ளி எப்போது தொடங்கியது என்று கேட்டால், ஆவணம் கொடுக்காத உரையாடி தயங்காமல் ஓர் ஆண்டைச் சொல்லும். ஆவணம் கொடுத்த உரையாடி, ஒரு மலரில் ஓர் ஆண்டும் இன்னொரு மலரில் வேறோர் ஆண்டும் இருக்கும்போது ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். அந்த முரண்பாட்டைக் காட்டி, இரு பக்கங்களுக்கும் இணைப்புக் கொடுக்கும்படி நீ அதை வடிவமைத்தால் நான் முதல் ஆளாகப் பயன்படுத்துவேன். அதற்கு உனக்கு வேண்டியவை சரிபார்த்த எழுத்தும், பக்க எண்ணோடு கூடிய பட்டியலும். அந்த இரண்டையும் உன் வகுப்புத் தோழர் இருவர் இப்போது செய்துகொண்டிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்துகொள்.

அக்டோபர் 5

வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது என்பதால் இதை இன்றே எழுதுகிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது எங்கள் பதிவறையின் ஓடுகள் போயின. நனைந்த பேரேடுகளை வெயிலில் விரித்தோம். பக்கங்கள் முறுக்கிக்கொண்டன, மை பரவியது. நிழலில் காற்றோட்டமாக, பக்கங்களுக்கு இடையே மை உறிஞ்சும் தாள் வைத்து உலர்த்த வேண்டும். மின்விசிறி நல்லது, அப்போது மின்சாரமே இல்லை. ஆகவே நீங்கள் ஸ்கேன் செய்து முடித்த மூலங்களை இந்த மாதமே தரைத்தளத்திலிருந்து மேல்தளத்துக்கு, சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து உயர்த்திய தட்டுக்கு மாற்றுங்கள். ஸ்கேன் முடிந்துவிட்டதே என்று பழைய தாளாக எடைக்குப் போட யாராவது முன்வந்தால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் மறுப்பு வாங்கி வையுங்கள்.

வன்தட்டுகள் இரண்டு இருக்கட்டும். ஒன்று பள்ளியில், மற்றொன்று வேறு ஊரில். பள்ளியில் உள்ளதைக் கணினி ஆய்வகத்தில் வைக்காதீர்கள், யாராவது அழித்துவிட்டுத் திரைப்படம் ஏற்றுவார்கள். அதை இருப்புப் பதிவேட்டில் எண் கொடுத்து ஏற்றுங்கள். நாற்காலி, கரும்பலகை, பூகோள உருண்டை ஆகியவற்றோடு அதுவும் ஒரு பொருளாகிவிட்டால், ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்க்கும்போது யாராவது ஒருவர் அதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். தலைமையாசிரியர் மாறும்போது புதியவர் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டே ஆக வேண்டும். கடவுச்சொற்களை மூடிய உறையில் இட்டு, அந்த உறைக்கும் ஓர் எண் கொடுத்துவிடுங்கள். பதிவேட்டில் பொருளின் விவரம் என்ற கட்டத்தில் வன்தட்டு என்று மட்டும் எழுதாமல், பள்ளி ஆவணங்கள் அடங்கியது, அழிக்கக் கூடாது என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பழுதான பொருள்களைக் கழிக்கும் ஆண்டில் அந்த வரியைப் படித்துத்தான் முடிவெடுப்பார்கள்.